கசற் கடிதத்தில் விழுந்த இரைச்சல்

சென்ற மாதம் என் மருமகன் கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வாங்கிவந்தார். கறுப்புப் பெட்டி. முன்னால் ஒரு நீல விளக்கு, பின்னால் ஆறு பிளக் துளைகள். வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் உள்ள இரைச்சலை வடிகட்டி, சுத்தமான மின்சாரத்தைப் பாட்டுப்பெட்டிக்குக் கொடுக்குமாம். விலையைக் கேட்டேன். "அது பரவாயில்லை மாமா" என்றார். விலையைச் சொல்லக் கூசுகிற சாமானை நான் நம்புவதில்லை. அவர் வேலைக்குப் போனதும் திருகாணிகளைக் கழற்றினேன். மொத்தம் எட்டு. ஏழு ஒரே மாதிரி, எட்டாவதன் தலை வேறு. ஆகவே எனக்கு முன்பே யாரோ அதைத் திறந்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சுருள், இரண்டு கொண்டென்சர், நீல விளக்குக்கு ஒரு சின்னப் பலகை, அடியில் ஒட்டிய ஓர் இரும்புத் துண்டு. இரும்புத் துண்டுக்கு எந்த வயரும் போகவில்லை. பெட்டி கையில் பாரமாக இருக்கவேண்டும் என்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

மாலையில் மருமகன் பாட்டைப் போட்டுவிட்டு, முன்னைவிடத் துலக்கமாகக் கேட்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். கிணற்றடியில் எர்த் வயர் துருப்பிடித்து அறுந்து கிடக்கிறது, முதலில் அதைப் பாருங்கள் என்றேன். அன்று அவர் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

இதை ஓய்வூதியர் சங்கத்தில் சொன்னபோது, எங்களுக்குப் பிறகு துறைமுக மின் பகுதியில் சேர்ந்த இரண்டு பேர், "இரைச்சல் பிடிக்கிற வேலையெல்லாம் அந்தக் காலத்தில இருந்ததோ அண்ணை?" என்று சிரித்தார்கள். பிறகு அவர்களே சங்கத்தின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச்சொன்னார்கள். சிரித்தவர்கள் ஏன் எழுதக் கேட்கிறார்கள் என்று யோசித்தேன். பக்கம் நிரப்ப ஆள் அகப்படவில்லைப் போலும். இருந்தாலும் எழுதுகிறேன். அந்த வேலை இருந்தது. ஒரு மனிதர் வீட்டுக்குத் திரும்பி வருவதும் வராததும் அந்த வேலையில் தங்கியிருந்த ஒரு தடவையும் இருந்தது.

நான் திருகோணமலைத் துறைமுகத்தின் மின் பகுதியில் பயிலுநராகச் சேர்ந்து, பிறகு எலெக்ரீசியன் ஆனவன். பாரந்தூக்கி மோட்டர்கள், இறங்குதுறை விளக்குகள், பட்டறை. அந்தத் தொடக்க வருடங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இரண்டு தரம் கறண்ட் அடித்தது. இரண்டு தரமும் பிழை என்னுடையது அல்ல.

எனக்கு மேலே மேற்பார்வையாளராக இருந்தவர் பீலிக்ஸ் போர்மன். கட்டையான மனிதர். வெயில் எப்படி எரித்தாலும் சேர்ட்டின் கழுத்துப் பொத்தான் பூட்டியே இருக்கும். யாரையும் ஏசமாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேர்ட் நுனியால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பட்டறையில் சுத்தியல் சத்தம்கூட இருக்காது. எங்களை "நீர்" என்றுதான் கூப்பிடுவார், காவலாளியையும் அப்படித்தான்.

துறைமுக அதிகாரிகளின் குடியிருப்புகளில் ரேடியோகிராம், அம்பிளிபயர், ரேப் ரெக்கோடர் எல்லாம் இருந்தன. பாட்டுக்குள் உறுமல் வருகிறது, வெடிப்புச் சத்தம் வருகிறது என்று முறைப்பாடு வந்தால் போர்மன்தான் போவார். உதவிக்கு என்னை அழைத்துப் போவார். பல பேர் இருக்க என்னை ஏன் தெரிந்தெடுத்தார் என்று கன காலம் சந்தேகப்பட்டேன். ஒருநாள் கேட்டும்விட்டேன். "நீர் சாமான்களை எண்ணுகிறீர். மற்ற ஆக்கள் எண்ணுகினமில்லை" என்றார்.

அவருடைய முறை இதுதான். வீட்டுக்குள் போனதும் எதையும் தொடமாட்டார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடப்பார். நான் எண்ணிச் சொல்லவேண்டும்: பல்ப் எத்தனை, பிளக் எத்தனை, சீலிங் பான் எத்தனை, பிறிஜ் உண்டா, தையல் மெசினுக்கு மோட்டர் உண்டா. அதன்பிறகு சேர்ட் பையிலிருந்து ஒரு சின்ன பற்றரி றேடியோவை எடுத்து, எந்த நிலையமும் இல்லாத இடத்தில் முள்ளை வைத்து, சுவரோடு சுவராகக் கொண்டுபோவார். வயர் ஓடும் இடத்தில் அது உறுமும். மெயின் சுவிட்சை நிறுத்துவார். உறுமல் நின்றால் குற்றவாளி வீட்டுக்குள். நிற்காவிட்டால் வெளியே. உள்ளே என்றால் பியூஸ்களை எல்லாம் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகப் போடுவோம். ரியூப் லைற் ஒரு மாதிரி இரையும், பிறிஜ் ஒரு மாதிரி வெடிக்கும், பானின் ரெகுலேற்றர் இன்னொரு மாதிரி. ஒவ்வொன்றுக்கும் அதன் வாசலிலேயே ஒரு கொண்டென்சர் போட்டால் அனேகமாக அடங்கிவிடும்.

அடங்காத வீடுகளும் உண்டு. பழைய வீடுகளில் கறண்ட் வயரை ஒரு சுவரில் பீங்கான் குமிழ்களில் இழுத்திருப்பார்கள். திரும்பிப் போகும் வயரை எதிர்ச் சுவரால் கொண்டுபோயிருப்பார்கள். வயர் மிச்சம் பிடித்த வேலை. அதனால் வீட்டைச் சுற்றி ஒரு பெரிய வளையம் உண்டாகிவிடும். ஆகாயத்தில் போகும் சத்தத்தையெல்லாம் அந்த வளையம் ஏரியல் மாதிரிப் பிடித்து அம்பிளிபயருக்குள் கொண்டுவந்து கொட்டும். அதற்கு ஒரே மருந்து, இரண்டு வயரையும் ஒன்றாக முறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் கொண்டுபோவது.

சண்டை தொடங்கிய பிறகு வயர் என்பது சாதாரண சாமானாக இருக்கவில்லை. சோதனைச் சாவடியில் பையைக் கொட்டச் சொல்வார்கள். பற்றரி, வயர், கொண்டென்சர், சோல்டரிங் கோல் என்று ஒவ்வொன்றையும் தூக்கிப் பார்த்து, இது எதற்கு என்று கேட்பார்கள். காலையில் கொண்டுபோன வயர் எவ்வளவு, வீட்டில் பூட்டியது எவ்வளவு, திரும்பக் கொண்டுவருவது எவ்வளவு, மூன்றும் ஒத்துவரவேண்டும். என் எண்ணுகிற பழக்கத்தைப் பார்த்து வீட்டில் சிரிப்பவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இனி மரியான் அண்ணை.

அவர் கோயில் திருநாளுக்கு அம்பிளிபயர் வாடகைக்கு விடுகிறவர். தொண்ணூறுகளின் நடுவில் திருநாட்களும் சுருங்கிவிட, வீட்டின் முன்னறையில் வேறொரு தொழில் தொடங்கினார். கசற் கடிதம் பதிந்து கொடுப்பது. ஜேர்மனியிலும் கனடாவிலும் அரபு நாடுகளிலும் பிள்ளைகள் இருக்கிற தாய்மார் வருவார்கள். சல்லியிலிருந்து மீன்காரப் பெண்கள், சம்பூரிலிருந்தும் கிளிவெட்டியிலிருந்தும் வள்ளத்திலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். பலருக்கு எழுதத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் பிள்ளைக்குத் தங்கள் குரல் போகவேண்டும். மரியான் அண்ணை மைக்கை அவர்கள் முன்னால் வைத்து, "பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ, எதிரில இருக்கிற மாதிரிக் கதையுங்கோ" என்பார்.

எனக்கு அவரை அவ்வளவாகப் பிடிக்காது. ஊரில் உள்ள அத்தனை வீட்டுக் கதையும் தெரிந்த ஒருவர் வெளியே ஒரு சொல்லும் பேசுவதில்லை. அப்படியான அடக்கம் இயற்கையானதா என்று நான் சந்தேகப்பட்டேன்.

அவருடைய வீடு மேட்டில் இருந்த படை முகாமின் கீழே, கடைசி ஒழுங்கையில் இருந்தது. ஒருநாள் கொழும்புக்குத் தபாலில் போடக் கொண்டுபோன பதினொரு கசற்றைச் சாவடியில் மறித்துப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். பதினொன்றிலும் பேச்சுக்குப் பின்னால் ஒரு சத்தம். மரியான் அண்ணையை வந்து முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அவருடைய மனைவி திரேசா அக்கா பட்டறை வாசலுக்கு வந்தார். ஆஸ்துமாக்காரி. ஏறி வந்த களைப்பில் இருமி முடிக்கும்வரை போர்மன் காத்துநின்றார்.

"போர்மன் ஐயா, அவரைக் கொண்டுபோயிட்டாங்கள். கசற்றில சங்கேதம் போட்டு அனுப்புறாராம். அந்த மனிசனுக்கு ஒரு சைக்கிள் பெல் ஒழுங்கா அடிக்கத் தெரியாது."

"என்ன மாதிரிச் சத்தம் பிள்ளை?"

"சீலை கிழியிற மாதிரியாம். நானும் கேட்டிருக்கிறன். பழைய அம்பிளிபயர்தானே, அப்பிடித்தான் இரையும் எண்டு இவர் சொல்லுவார்."

அவர் போனதும் நான் போர்மனிடம், "சேர், இதுக்குள்ள நாங்கள் ஏன்?" என்று கேட்டேன்.

"சத்தம் கறண்டால வந்ததெண்டால் அது எங்கட வேலை."

"கறண்டால வராட்டி?"

"அதுவும் எங்களுக்குத் தெரியத்தானே வேணும்."

உண்மையைச் சொல்கிறேன், மரியான் அண்ணை செய்திருப்பாரோ என்று நான் நினைத்தேன். போர்மனையும் சந்தேகப்பட்டேன். இருவரும் ஒரே கோயிலுக்குப் போகிறவர்கள். சைவக்காரன் ஒருவனையும் சேர்த்துக்கொண்டு போனால் ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றுதான் என்னை இழுக்கிறாரோ?

துறைமுக வேலைக்காரரிடம் முகாமுக்குப் போக அனுமதி அட்டை இருந்தது. போர்மன் போய்ப் பேசினார். இரண்டாம் நாள் பின்னேரம் ஓர் அதிகாரி மரியான் அண்ணை வீட்டுக்கே வந்தார். இளவயது. தமிழ் படித்துப் பேசுகிறவர். கையில் பற்றரியில் ஓடும் ஒரு ரேப் ரெக்கோடரும் ஒரு கசற்றும். துவக்கோடு வந்த இரண்டு சிப்பாய்கள் வாசலில் நின்றார்கள். அதிகாரி கதிரையில் உட்கார்ந்து, கசற் கூட்டின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டே இருந்தார். அந்த டிக் டிக் சத்தம் என் நரம்பைத் தின்றது.

கசற்றைப் போட்டார். சல்லி ஊர்ப் பெண் ஒருத்தியின் குரல். "தம்பி ராசன், அம்மா கதைக்கிறன். ஆட்டை வித்துப்போட்டன். நீ விசனப்படாத, அது வயசான ஆடு." அதற்குப் பின்னால், சின்னத் துண்டுத் துணியை இழுத்துக் கிழிப்பது போல, சிர்க். கொஞ்சம் பொறுத்து, சிர்க்.

அதிகாரி ஒரு தாளை விரித்தார். "இது இரண்டு வாறது. நிக்குது. பிறகு ஐந்து. நிக்குது. பிறகு ஒண்டு. எங்கட ஆக்கள் இதை எழுத்தாக்கிப் பார்க்கிறது. ஒரு சொல் வந்திருக்கு."

"என்ன சொல் சேர்?" என்று போர்மன் கேட்டார்.

"அது சொல்ல ஏலாது."

போர்மன் தலையாட்டிவிட்டுத் தன் வேலையைத் தொடங்கினார், துறைமுக அதிகாரிகளின் வீடுகளில் தொடங்குவது போலவே. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். நான் எண்ணிச் சொன்னேன்: பல்ப் ஐந்து, ரியூப் லைற் ஒன்று, பிளக் மூன்று, பான் ஒன்று, பிறிஜ் ஒன்று. சுவரில் பீங்கான் குமிழ்கள், கறண்ட் வயர் ஒரு பக்கம், திரும்பும் வயர் எதிர்ப் பக்கம், வீட்டைச் சுற்றிப் பெரிய வளையம். அம்பிளிபயரைப் போட்டு, காதில் மாட்டுகிறதை மாட்டிக் கேட்டோம். உறுமல், வெடிப்பு, இரைச்சல், அதற்குள் அந்தக் கிழிசல். ரியூப் லைற்றை நிறுத்தினோம், இரைச்சல் போனது. பிறிஜ்ஜை நிறுத்தினோம், வெடிப்புப் போனது. கிழிசல் போகவில்லை. மெயின் சுவிட்சையே நிறுத்திவிட்டுப் பற்றரி றேடியோவைச் சுவரில் வைத்தோம். மெல்லியதாக, சிர்க்.

வெளியே இருந்து வருகிறது.

நான் யன்னலடியில் நின்றிருந்தேன். என் பழக்கத்தின்படி இரண்டு கிழிசலுக்கு இடையில் எண்ணத் தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் ஒரே எண். ஒன்றுகூடப் பிசகவில்லை. எண்ணிக்கொண்டே தலையைத் தூக்கினேன். மேட்டில், முகாமின் உச்சியில், ஒரு நீளமான கம்பிச் சட்டம் எப்போதும் போலச் சுழன்றுகொண்டிருந்தது. கடலில் வருகிற வள்ளங்களைப் பார்க்கிற ராடர் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வருடக்கணக்காகச் சுழல்கிறது, யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதன் முகம் எங்கள் பக்கம் திரும்பியது. காதில், சிர்க். சுற்றிப் போய்த் திரும்ப எங்கள் பக்கம் வந்தது. சிர்க்.

சங்கேதம் முகாமிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

இதை எப்படிச் சொல்வது? சொன்னால் அடுத்த கேள்வி, உனக்கு எப்படித் தெரியும் என்பது. பார்த்தேன் என்றால், ஏன் பார்த்தாய். எண்ணினேன் என்றால், யாருக்காக எண்ணினாய். அந்தச் சட்டம் ஒரு தரம் சுற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று தெரிந்துவைத்திருக்கிறவனை, மரியான் அண்ணைக்குப் பக்கத்து அறையில் அல்லவா போடுவார்கள்? அந்த எண்ணை இங்கேயும் நான் எழுதப்போவதில்லை. மலரை யார் யார் படிப்பார்கள் என்று சங்கம் எனக்குச் சொல்லவில்லை.

"கந்தசாமி, அந்தக் குறட்டை எடும்" என்றார் போர்மன். குறடு என் கையில்தான் இருந்தது. வாயை மூடு என்கிறார் என்று விளங்கியது. அவருக்கும் தெரிந்துவிட்டது.

அவர் அதிகாரியிடம் திரும்பினார். "சேர், இஞ்ச இந்தச் சத்தம் ஒரே அளவாத்தான் வருகுது. உங்கட கசற்றில அளவில்லாம வருகுது. ரெண்டு, அஞ்சு, ஒண்டு. அது ஏனெண்டு எனக்கு விளங்கேல்லை."

குசினி வாசலில் நின்ற திரேசா அக்காதான் பதில் சொன்னார். "அவர் நிப்பாட்டுறவர்தானே."

"எதை நிப்பாட்டுறது?" என்றார் அதிகாரி.

"ரேப்பை. சனம் அழத் தொடங்கினால் நிப்பாட்டிப்போடுவார். அழுது முடிச்சு, மூக்கைச் சிந்தி, தண்ணி குடிச்சாப் பிறகுதான் திரும்பப் போடுவார். அங்க இருந்து கேக்கிற பிள்ளைக்கு அழுகை கேக்கக்கூடாதெண்டு. சில மனிசிமாருக்கு ஒரு பக்கம் பதிய ஒரு பின்னேரம் போகும்."

அதிகாரி மூடியைத் திறந்து மூடுவதை நிறுத்தினார். கசற்றைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார், இம்முறை காதை அருகில் வைத்து. "ஆட்டை வித்துப்போட்டன். நீ விசனப்படாத, அது வயசான ஆடு." குரல் கடைசிச் சொல்லில் மெலிந்தது. ஒரு சின்ன 'டக்'. அடுத்த சொல் வந்தபோது மூக்கடைத்த குரல். "சரி. நீ சாப்பிடுறியோ?" தாளில் இருந்த இடைவெளி ஒவ்வொன்றிலும் அந்த 'டக்' இருந்தது. ரேப்பை நிறுத்தி நிறுத்திப் போட்டதில் ஒரே அளவாக வந்த கிழிசல் அங்கங்கே வெட்டுப்பட்டிருந்தது. கடைசி இடைவெளி வந்தவுடன் அவர் கசற்றை நிறுத்திவிட்டார். தாளை நாலாக மடித்தார். என்ன சொல்லைக் கண்டுபிடித்திருந்தார்கள் என்று அதன் பிறகும் அவர் சொல்லவில்லை.

"சரி" என்றார். "சத்தம் எங்கயிருந்து?"

போர்மன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன்னுடைய சின்ன றேடியோவை அதிகாரியிடம் நீட்டினார்.

"சேர், இதை நீங்களே பிடிச்சுக்கொண்டு நடந்து பாருங்கோ. சத்தம் கூடுற பக்கம் போங்கோ. நாங்கள் இஞ்சயே இருக்கிறம்."

அதிகாரி வெளியே போனார். பக்கத்து வீட்டு வேலியடியில் நின்றார். அடுத்த வீடு. கிணற்றடி. ஒழுங்கை முடிந்து முகாமுக்கு ஏறும் வளைவில் நின்றார். அங்கே நெடுநேரம் நின்று, மேலே பார்த்தார். திரும்பி வந்தபோது கையில் றேடியோ இல்லை. சட்டைப் பையில் போட்டிருந்தார். அந்த றேடியோ இன்றுவரை திரும்பி வரவில்லை.

நேரே என்னிடம் வந்தார். "நீ எண்ணினதா?"

"இல்லை சேர்."

"உன்ட வாய் அசைஞ்சது. நான் பார்த்தது."

"அவர் சைவம் சேர்" என்றார் போர்மன், குரலில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பயம் வந்தால் தேவாரம் சொல்லுவார்."

"சொல்லு பார்க்க."

பள்ளிக்கூடத்தில் படித்ததில் இரண்டு தேவாரம் எனக்குத் தெரியும், ஒவ்வொன்றிலும் பாதி. முதல் அடி வந்தது. இரண்டாவது அடிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. முதல் அடியையே இன்னொரு தரம் சொன்னேன். அதிகாரி கையைத் தூக்கினார். போதும் என்று அர்த்தம். நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் அவர் கெட்டிக்காரர் இல்லை. அவரைப் பார்த்தால் கெட்டிக்காரராகத்தான் இருந்தது.

அவர் போர்மனிடம் மெதுவாகப் பேசினார். "மிஸ்டர் பீலிக்ஸ், இந்தச் சத்தம் இனி ஒரு கசற்றிலயும் வெளியில போகக்கூடாது. வயரை மாத்தி, சத்தம் இல்லாத கசற் ஒண்டு செய்து தாங்க. நிப்பாட்டாம, ஒரு பக்கம் முழுக்க. கதைக்கக்கூடாது, கதைச்சால் சத்தம் மறைஞ்சுபோகும். அது சுத்தமா இருந்தால், பிழை வயரிலதான் எண்டு நான் மேல சொல்லலாம். மேல கேக்குமா எண்டு தெரியாது."

வேலை இரண்டு நாள் எடுத்தது. புது வயர் கிடையாது. சுவரில் இருந்ததையே குமிழ் குமிழாகக் கழற்றி, உறை வெடித்த இடமெல்லாம் நாடா சுற்றி, இரண்டையும் ஒன்றாக முறுக்கினோம். பெருவிரல் அகலத்துக்கு ஒரு முறுக்கு. மீற்றர் பலகையிலிருந்து நேரே அம்பிளிபயர் பிளக்குக்கு. உடைந்த மூன்று றேடியோக்களில் இருந்த கறுப்பு ஏரியல் கோல்களைக் கழற்றி, வயரை அவற்றில் சுற்றி, பிளக்கின் வாசலில் வைத்தோம். மீற்றரில் இரண்டு கொண்டென்சர், பிளக்கில் ஒன்று. கிணற்றடியில் இரும்புக் குழாய் இறக்கி, அடியில் கரியும் உப்பும் கொட்டி, எர்த் வயரைப் பூட்டினோம். மைக் வயரைப் பாதியாக வெட்டினோம். ஒவ்வொன்றுக்கும் கிழிசல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது, ஆனால் போகவில்லை.

"பிஸ்கற் ரின் ஒண்டு இருக்கோ பிள்ளை?" என்று போர்மன் கேட்டார். பூப்போட்ட பெரிய ரின் ஒன்றைத் திரேசா அக்கா அரிசி கொட்டிவிட்டுத் தந்தார். அம்பிளிபயரின் முன்பகுதியைக் கழற்றி அந்த ரின்னுக்குள் வைத்து, ரின்னை எர்த் வயரோடு சேர்த்தோம். பிறகு எல்லாவற்றையும் மேட்டுப் பக்கச் சுவரிலிருந்து எடுத்து, குசினிச் சுவரோடு கொண்டுபோய் வைத்தோம். காதில் மாட்டிக் கேட்டேன். ஒன்றுமில்லை. சுழலும் சட்டத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு பொறுத்தேன். ஒன்றுமேயில்லை.

அடுத்த நாள் காலை அதிகாரி வந்தார். புதுக் கசற்றைத் தானே உறை கிழித்துப் போட்டார். யாரும் பேசக்கூடாது, அசையக்கூடாது. அந்த அமைதிக்குள்ளே வெளியே ஒரு கோழி கொக்கரித்தது. பக்கத்து வீட்டில் தேங்காய் துருவினார்கள். எல்லாம் மைக்குக்குள் போவதை நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். குசினி வாசலில் திரேசா அக்கா சீலைத் தலைப்பை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு இருந்தார். முகம் சிவந்துகொண்டு வந்தது. பிறகு அடக்க ஏலாமல் இருமினார். ஒரு தரம் தொடங்கினால் நிற்காத இருமல். ஏழு. இரண்டு நாள் வேலை பாழ் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நான் பார்த்த பார்வையில் அவர் குசினிக்குள் போய்விட்டார்.

பக்கம் முடிந்ததும், "சேர், திரும்பப் பதிவம். இருமல் விழுந்திட்டுது" என்றேன்.

"இருமல் கறண்டால வாறதில்லை" என்று சொல்லிவிட்டு, அதிகாரி கசற்றை எடுத்துக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம் மரியான் அண்ணையை விட்டுவிட்டார்கள். நான் அவரைப் பார்க்கவென்று போகவில்லை. கழற்றிய வயரையும் பூட்டிய வயரையும் கணக்குப் பார்த்ததில் ஒரு சாண் குறைந்தது. அது அந்த வீட்டில் எங்காவது கிடந்து, வேறு யாராவது கண்டெடுத்தால் என்ன ஆகும் என்று நித்திரை இல்லை. அதைத் தேடத்தான் அன்று பின்னேரம் போனேன்.

அவர் முன்னறைக் கதிரையில் இருந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. இருக்கச் சொல்லிவிட்டு, முறுக்கிய வயரையும் பிஸ்கற் ரின்னையும் பார்த்தார். ஊரார் கதையைச் சொல்லாத மனிதர் தன் கதையைச் சொல்லத் தொடங்கினார்.

"திரேசாவையும் பிடிச்சு வைச்சிருக்கிறம் எண்டு சொன்னவங்கள், தம்பி. ஒரு கடுதாசியில கையெழுத்துப் போட்டால் அவளை விடுவமெண்டு. கசற்றில சங்கேதம் போட்டது நான்தான் எண்டு அதில இருந்தது. அவளுக்கு அங்க மருந்து இராது. நான் எத்தினை நாளைக்கு மாட்டன் எண்டு சொல்லுறது? நேற்றுப் போடுவமெண்டு பேனையைக் கையில எடுத்திட்டன். அப்ப பக்கத்து அறையில ரேப் ஒண்டு ஓடிச்சுது. முதல்ல ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஒரு கோழி. தேங்காய் துருவுற சத்தம். பிறகு இவள் இருமினாள்."

"பக்கத்து அறையில ஆர் போட்டது அண்ணை?"

"தெரியாது. கதவு திறந்து கிடந்தது."

கதவு ஏன் திறந்து கிடந்தது என்று நான் இப்போதும் சில வேளைகளில் யோசிப்பதுண்டு. அன்று எனக்கு வேறு சந்தேகமும் இருந்தது. "இருமல் கன பேருக்கு வரும்தானே? அவதான் எண்டு எப்பிடி நிச்சயம்?"

"இருபத்தெட்டு வருசம் பக்கத்தில கிடந்து கேட்ட இருமல், தம்பி. முதல் ரெண்டும் அடக்கிப் பார்க்கிறது, பிறகு வாறது அடங்காதது. பின்னால எங்கட வீட்டுக் குசினிக் கதவு கிரீச்செண்டுது. அவள் வீட்டிலதான் இருக்கிறாள். பேனையை மூடி மேசையில வைச்சுப்போட்டன்."

குசினிக்குள்ளிருந்து திரேசா அக்காவின் குரல் வந்தது. "அந்த இருமலுக்குத்தான் தம்பி அண்டைக்கு என்னைத் திண்டுவிடுற மாதிரிப் பார்த்தவர்."

மரியான் அண்ணை என்னைப் பார்த்தார். நான் வயர்த் துண்டைத் தேடிக் கதிரைக்கடியில் குனிந்தேன்.